"நாடு கெட்டுப்போச்சு" என்று ஒருவர் தொடங்கினால்: கனடாவில் குடிவரவு பற்றியும் பல்கலாசாரம் பற்றியும் வாதாடுவது எப்படி

போன மார்கழியில் ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு பிறந்தநாள் விழா. சாப்பாட்டு மேசையில் என் சித்தப்பா, "இப்ப வாறவங்களாலதான் இந்த நாடு கெட்டுப்போச்சு, ஒரு பண்பாடும் இல்லை" என்று தொடங்கினார். எதிரே இருந்த அவருடைய சொந்த மகள், "நீங்களும் அகதியாத்தானே அப்பா வந்தனீங்கள்?" என்று கேட்டாள். மேசை அடங்கிப்போனது. சித்தப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கார்ச் சாவியைத் தேடினார். அதன் பிறகு இரண்டு கிழமை தகப்பனும் மகளும் கதைக்கவில்லை.

பிறகு நான் தனியாகப் போய், உண்மையில் எதைச் சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்டேன். பக்கத்து வீட்டு பேஸ்மென்ட்டில் எட்டு மாணவர்கள் இருக்கிறார்கள், குப்பைத்தொட்டி நிரம்பி வழிகிறது, சின்ன மகனுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் வீடு வாங்க வழியில்லை, தன் முழங்கால் ஸ்கேனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார். இதைத்தான் சொல்ல வந்தார். மகளோ அகதிகளைத் தடுத்து வைப்பது பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவள், அவள் காதில் அந்த வார்த்தை தன் தகப்பனே கதவைச் சாத்துவது போல விழுந்தது. ஒரே மேசையில் இரண்டு பேரும் இரண்டு வேறு வழக்குகளை நடத்தியிருக்கிறார்கள்.

நான் இலங்கையிலிருந்து வந்து ரொறன்ரோவின் ஸ்காபரோவில் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். வேலைத்தளத்திலும் வீட்டிலும் இந்தப் பேச்சைப் பல தடவை பிழையாகப் பேசியிருக்கிறேன். இதை ஒழுங்காகப் பேசலாம், பேசவும் வேண்டும் என்று நம்புகிறேன், ஏனென்றால் நாம் ஒதுங்கிப்போனால் நம்மைப் பற்றிய பேச்சை மற்றவர்கள் மட்டுமே பேசுவார்கள். எனக்குப் பலன் தந்த வழிகளை இங்கே சொல்கிறேன்.

முதலில் "எதைச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள்

குடிவரவு, பல்கலாசாரம், பண்பாடு அழிகிறது: இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் எத்தனை பேர் வருகிறார்கள் என்பது கணக்கு. வந்தவர்கள் எந்த விதிக்குள் வாழ வேண்டும் என்பது சட்டம். எது நல்ல வாழ்க்கை என்பது மனதோடும் நம்பிக்கையோடும் சம்பந்தப்பட்டது. வீட்டு வாடகையைப் பற்றிக் கவலைப்படுகிறவருக்கு மனித உரிமை பற்றிப் பதில் சொன்னால் அவருக்குக் கோபம்தான் வரும், தன் மதம் மறைந்துபோகிறது என்று வருந்துகிறவருக்குப் பொருளாதார வளர்ச்சி வீதம் சொன்னாலும் அப்படித்தான்.

அதனால் ஒருவர் பெரிய வார்த்தையோடு தொடங்கினால் அந்த வார்த்தையோடு மல்லுக்கட்டாதீர்கள். "ஒரு உதாரணம் சொல்லுங்கள், உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். குறுக்கு விசாரணை போலக் கேட்கக் கூடாது, தெரிந்துகொள்ளத்தான் கேட்க வேண்டும். பத்துக்கு ஏழு தடவை வருகிற பதில் நீங்கள் எதிர்பார்த்ததாக இருக்காது. சித்தப்பாவின் பதிலும் அப்படித்தான்.

கணக்கைப் பற்றிப் பேசுகிறவரை இனவாதி என்று சொல்லாதீர்கள்

இதில் நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் சறுக்குகிறோம். எண்ணிக்கை கூடிவிட்டது என்று யார் சொன்னாலும் உடனே வெறுப்பு என்று முத்திரை குத்துகிறோம். கொஞ்சம் எண்களைப் பார்ப்போம். 2023 இல் மட்டும் கனடாவின் சனத்தொகை சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரத்தால் கூடியது, அதாவது 3.2 சதவீதம். 1957 க்குப் பிறகு இவ்வளவு வேகமான வளர்ச்சி இருந்ததில்லை. அதில் ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டிலிருந்து வந்தவர்களால் வந்த வளர்ச்சி. அந்த வேகத்துக்கு வீடும் இல்லை, குடும்ப மருத்துவரும் இல்லை. என்விரோனிக்ஸ் நிறுவனம் 2024 இல் எடுத்த கருத்துக்கணிப்பில் 58 சதவீதம் பேர் குடிவரவு அளவுக்கு மீறிவிட்டது என்றார்கள், இரண்டு வருடத்துக்கு முன் அதே கேள்விக்கு அப்படிச் சொன்னவர்கள் 27 சதவீதம்தான். இரண்டு வருடத்தில் நாட்டில் பாதிப் பேர் இனவாதியாகிவிடவில்லை. வாடகைதான் ஏறியது. அப்படிக் குறை சொன்னவர்களில் நம்மைப் போலக் குடிவரவாளர்களும் நிறைய.

ஆகவே முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்: "ஓம், 2022, 2023 இல் போன வேகம் கூடத்தான்." அரசாங்கமே அதை ஒப்புக்கொண்டது. 2025 இல் 5 இலட்சம் நிரந்தரக் குடிவரவாளர்களை எடுப்போம் என்று திட்டமிட்டிருந்தவர்கள், 2024 ஒக்டோபரில் அதை 3 இலட்சத்து 95 ஆயிரமாகக் குறைத்தார்கள். ஒப்புக்கொண்ட பிறகு நீங்கள் கேட்கிற அடுத்த கேள்வியை எதிரே இருப்பவர் காது கொடுத்துக் கேட்பார்.

அந்த அடுத்த கேள்வி: நீங்கள் சொல்வது நிரந்தரமாக வருகிறவர்களையா, தற்காலிகமாக வருகிறவர்களையா? இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு போனாலே பாதி வாதம் தெளிந்துவிடும். 2023 இல் நிரந்தர வதிவுரிமை பெற்றவர்கள் 4 இலட்சத்து 70 ஆயிரம் அளவில்தான். மிச்ச வளர்ச்சியில் பெரும்பகுதி மாணவர் விசாவிலும் வேலை அனுமதியிலும் வந்தவர்கள். மாணவர்கள் ஏன் அவ்வளவு வந்தார்கள்? ஒன்ராறியோ மாகாண அரசு 2019 இல் உள்ளூர் மாணவர்களின் கல்விக் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்து, பிறகு அப்படியே உறையவைத்தது. வருமானம் குறைந்த கல்லூரிகள் பல மடங்கு கட்டணம் கட்டும் வெளிநாட்டு மாணவர்களைத் தேடிப் போயின. மத்திய அரசு விசா கொடுத்தது. முகவர்கள் ஊர் ஊராகப் போய் ஆசை காட்டினார்கள். தகப்பன் காணி விற்ற காசில் வந்த பத்தொன்பது வயதுப் பிள்ளை பேஸ்மென்ட்டில் எட்டுப் பேரோடு படுக்கிறது. அந்த பேஸ்மென்ட்டை வாடகைக்குக் கொடுத்தது யார்? நம் ஆட்கள்தான் பல இடங்களில். கோபத்தைக் கட்டிலில் படுத்திருப்பவன் மேல் போடாமல், விசாவுக்கும் கட்டணத்துக்கும் வாடகைக்கும் பொறுப்பானவர்கள் பக்கம் திருப்ப இந்தக் கதை உதவும். சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு அந்த வீட்டுச் சொந்தக்காரனின் பெயரைச் சொன்னார்.

மறுபக்கத்தையும் மறைக்காதீர்கள். இந்த நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.26 பிள்ளை என்பது 2023 இன் கணக்கு. சனத்தொகை தானாக நிலைத்து நிற்க இரண்டுக்கு மேல் வேண்டும். முதியோர் இல்லத்தில் யார் வேலை செய்கிறார்கள் என்று ஒருமுறை போய்ப் பார்த்தாலே போதும்.

பல்கலாசாரம் என்று சட்டம் எதைச் சொல்கிறது

இதைத் தெரியாமல் இரண்டு பக்கமும் கத்துகிறது. 1971 ஒக்டோபர் 8 ஆம் திகதி பிரதமர் பியர் ட்ரூடோ பாராளுமன்றத்தில் இந்தக் கொள்கையை அறிவித்தார். அப்போது நம் ஆட்கள் இங்கே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. ஆங்கிலம், பிரெஞ்சு என்று இரண்டு பண்பாட்டை மட்டும் பேசினால் நாங்கள் எங்கே என்று முதலில் கேட்டவர்களில் மேற்கு மாகாணங்களில் தலைமுறைகளாக விவசாயம் செய்த உக்ரேனியர்கள் முக்கியமானவர்கள். "இது நேற்று வந்த கறுப்பு மண்ணிறத் தோல்காரருக்காகச் செய்தது" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். 1982 இன் உரிமைகள் சாசனத்தில் 27 ஆம் பிரிவாக அது வந்தது. 1988 இல் தனிச் சட்டமாக்கியது லிபரல் அரசாங்கம்கூட இல்லை, பிரையன் மல்ரோனியின் முற்போக்குக் கொன்சர்வேட்டிவ் அரசாங்கம்.

ட்ரூடோ அன்று அறிவித்த நான்கு நோக்கங்களில் ஒன்று, புதிதாக வருகிறவர்கள் ஆங்கிலமோ பிரெஞ்சோ கற்க உதவுவது. அவரவர் மூலையில் அவரவர் இருங்கள் என்று அந்தக் கொள்கை சொல்லவில்லை.

"பல்கலாசாரம் என்றால் எதைச் செய்தாலும் விட்டுவிடுவார்கள்" என்பது அடுத்து வரும். விடமாட்டார்கள். 27 ஆம் பிரிவுக்கு அடுத்ததே 28 ஆம் பிரிவு, உரிமைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம் என்கிறது. பெண் உறுப்புச் சிதைப்பு 1997 இலிருந்து குற்றவியல் சட்டத்தில் வெளிப்படையாகவே குற்றம், கட்டாயக் கல்யாணம் 2015 இலிருந்து. ஒன்ராறியோவில் 2004, 2005 இல் குடும்பப் பிணக்குகளைச் ஷரியா அடிப்படையில் மத்தியஸ்தம் செய்யலாமா என்று பெரிய விவாதம் நடந்தது. யூத, கிறிஸ்தவ அமைப்புகள் 1991 இன் மத்தியஸ்தச் சட்டத்தின் கீழ் அதுவரை செய்துவந்ததைத் தாங்களும் செய்வோம் என்றார்கள் சில முஸ்லிம்கள். எதிர்த்து முன்னுக்கு நின்றவர்களில் முஸ்லிம் பெண்களே நிறைய. முதலமைச்சர் டால்டன் மெக்கின்ரி எல்லா மதத்துக்குமே கதவை மூடினார். பலதார மணம் பற்றிய பெரிய வழக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்தது, 2017 இல் குற்றவாளிகளாகக் காணப்பட்ட இருவரும் பவுண்டிபுல் என்ற ஊரின் மோர்மன் பிரிவைச் சேர்ந்த வெள்ளையர்கள். இப்படி ஒரு வழக்கைத் தெரிந்து வைத்திருப்பது பத்துக் கொள்கை விளக்கத்துக்குச் சமம்.

பண்பாடு அழிகிறது என்றால்: எது, யாருடையது, யார் எடுத்தது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். "கனடாவின் பாரம்பரிய விழுமியங்கள் போய்விட்டன" என்று சொல்பவரிடம் மூன்று கேள்வியையும் பொறுமையாகக் கேளுங்கள்.

எது? அனேகமாகத் தேவாலயம், ஞாயிறு ஓய்வு, குடும்பம், கல்யாணம், அயலவர்கள் ஒருவரையொருவர் தெரிந்திருந்த காலம் என்று வரும். சரி, அவை உண்மையிலேயே தளர்ந்துதான் போயின. 2001 குடிசன மதிப்பீட்டில் 77 சதவீதம் பேர் தங்களைக் கிறிஸ்தவர் என்றார்கள், 2021 இல் 53 சதவீதம். மதம் இல்லை என்றவர்கள் அதே காலத்தில் 16.5 இலிருந்து 34.6 சதவீதமானார்கள். இந்த இழப்பை இல்லை என்று மறுக்காதீர்கள், நடந்த இழப்புத்தான்.

ஆனால் யார் எடுத்தது? ஞாயிற்றுக்கிழமையைக் காத்த சட்டம் 1906 இல் வந்தது. அதை 1985 இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது கல்கரியில் பிக் எம் டிரக் மார்ட் என்ற கடை ஞாயிறு திறந்த வழக்கில். ஒரு பள்ளிவாசலும் அதில் கட்சிக்காரர் இல்லை. விவாகரத்தை இலகுவாக்கிய சட்டம் 1968 இல். கியூபெக்கில் தேவாலயங்கள் வெறுமையாகத் தொடங்கியது 1960 களின் அமைதிப் புரட்சியில், அந்த மாகாணத்தின் பழைய பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குடும்பங்களின் பிள்ளைகளே அதைச் செய்தார்கள். ஒருபாலார் திருமணம் 2005 இல் பாராளுமன்றத்தில் வாக்கெடுத்து வந்தது. இவற்றில் எது நல்லது எது கெட்டது என்பதில் நீங்களும் எதிரே இருப்பவரும் உடன்படத் தேவையில்லை. இந்த மாற்றங்களை இங்கே பிறந்து வளர்ந்த பெரும்பான்மைதான் செய்தது என்ற அளவில் உடன்பட்டால் போதும்.

வந்தவர்களோ பெரும்பாலும் பழமையைச் சுமந்துகொண்டு வந்தவர்கள். ரொறன்ரோவில் ஞாயிறு திருப்பலிக்குப் போய்ப் பாருங்கள், பிலிப்பீன்ஸ், கேரளம், ஆபிரிக்கா, நம் மன்னார், யாழ்ப்பாணத்து ஆட்கள் எத்தனை பேர் என்று தெரியும். 2015 இல் ஒன்ராறியோ பாலியல் கல்விப் பாடத்திட்டத்தை மாற்றியபோது பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல் நிறுத்திய பெற்றோரில் குடிவரவாளர்கள் ஏராளம். 2023 செப்டெம்பர் 20 ஆம் திகதி நாடு முழுக்க நடந்த பாலினக் கல்வி எதிர்ப்பு ஊர்வலங்களில் முஸ்லிம் பெற்றோரும் வெள்ளைக் கிறிஸ்தவப் பழமைவாதிகளும் தோளோடு தோள் நடந்தார்கள். அந்த ஊர்வலத்தோடு நான் உடன்படவில்லை. ஆனால் குடிவரவாளர் பாரம்பரியத்துக்கு எதிரி என்று சொல்பவர் அந்தக் காட்சிக்குப் பதில் சொல்ல வேண்டும், குடிவரவாளர் எல்லாரும் முற்போக்குக்காரர் என்று நினைப்பவரும் சொல்ல வேண்டும்.

யாருடையது என்ற கேள்வியை நான் கடைசியாகத்தான் கேட்பேன், ஏனென்றால் அது பாரமானது. இந்த மண்ணில் அரசாங்கமே சட்டம் போட்டு அழித்த பாரம்பரியம் முதற்குடிகளுடையது. மேற்குக் கரையில் பொட்லாட்ச் என்ற கொடைச் சடங்கு 1885 இலிருந்து 1951 வரை குற்றம். 1 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வதிவிடப் பாடசாலைகளில் போடப்பட்டார்கள், தாய்மொழி பேசினால் அடி. கடைசிப் பாடசாலைகள் மூடியது 1990 களின் பிற்பகுதியில், அப்போது நம்மில் பலர் இங்கே வந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். இதை எதிரியின் வாயை அடைக்கிற கல்லாகப் பாவிக்காதீர்கள். நாமும் அந்த நிலத்தில்தான் வீடு வாங்கியிருக்கிறோம்.

இனி நான் செய்த பிழை ஒன்று. எங்கள் பழைய தெருவில் ஸ்கொட்லாந்து வழி வந்த ஒரு வயோதிப அம்மா தனியே இருந்தார். ஒருநாள் பனி தள்ளிக்கொடுக்கப் போனபோது, "இந்தத் தெருவை எனக்கு அடையாளமே தெரியவில்லை" என்றார். நான் உடனே குடிவரவாளரைத் தெரிவு செய்யும் 1967 இன் புள்ளி முறை, வரி, தாதியர் என்று பாடம் எடுத்தேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அவர் சொன்னது கணக்குமில்லை சட்டமுமில்லை என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. கணவன் போய், சிநேகிதிகள் போய், அவர் கல்யாணம் கட்டிய தேவாலயம் விலைப்பட்டு, கடைகளின் பெயர்ப்பலகையை வாசிக்க முடியாமல் நின்ற ஒருவர் தன் துக்கத்தைச் சொன்னார். 2004 இல் என் அம்மா ஊருக்குப் போய், எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடும் இல்லாமல் பற்றை மண்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்து இதே வார்த்தைகளைத்தான் தமிழில் சொன்னார். அந்தத் துக்கத்துக்குக் காரணம் வேறு, கனம் வேறு, எனக்குத் தெரியும். ஆனாலும் "முன்பு இந்தத் தெரு எப்படி இருந்தது, சொல்லுங்கள்" என்று அன்று கேட்டிருக்க வேண்டும்.

சில பெரிய சண்டைகள் எப்படி முடிந்தன என்று சொல்வதும் உதவும். 1990 இல் மத்திய பொலிஸில் சீக்கியர் தலைப்பாகை அணியலாமா என்பதற்கு நாடே இரண்டாகப் பிரிந்தது, இலட்சக்கணக்கானோர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். அந்தப் பொலிஸ் தொப்பி போனால் கனடா போய்விடும் என்றார்கள். தலைப்பாகையோடு சேர்ந்த பல்தேஜ் சிங் டில்லன் முழுக்காலமும் சேவை செய்து ஓய்வு பெற்று, 2025 இல் செனட்டரானார். 1995 இல் மார்க்கம் நகரத் துணை மேயர் சீனர்கள் குவிவதால் பழைய குடிகள் வெளியேறுகிறார்கள் என்று சொன்னது பெரும் சர்ச்சையானது. இன்று அதே மார்க்கத்தில் ஈழத்து வன்னியின் பெயரில் ஒரு தெரு இருக்கிறது.

கியூபெக்கில் இதே வாதத்தைக் கொண்டுபோகாதீர்கள்

மொன்றியலில் சொந்தக்காரர் இருந்தால் தெரிந்திருக்கும், அங்கே பல்கலாசாரம் என்ற சொல்லே பலருக்குப் பிடிக்காது, தங்கள் பிரெஞ்சுத் தேசத்தைப் பல சிறுபான்மைகளில் ஒன்றாக்கிவிட்ட தந்திரம் என்று பார்க்கிறார்கள். பொது மொழி பிரெஞ்சு, அதற்குள் எல்லோரும் கலந்து வாழ்வது என்பதுதான் அவர்கள் சொல்வது. வட அமெரிக்க ஆங்கிலக் கடலில் ஒரு சிறு மொழியைக் காப்பாற்றும் பயம் அது, தமிழருக்கு அது விளங்காமல் போகாது. அந்தப் பயத்தை மதித்துக்கொண்டே 21 ஆம் இலக்கச் சட்டத்தை எதிர்க்கலாம், நான் எதிர்க்கிறேன். 2019 இல் வந்த அந்தச் சட்டம் ஆசிரியர், பொலிஸ், அரச வழக்குத்தொடுநர் போன்றோர் பணியில் மத அடையாளம் அணிவதைத் தடுக்கிறது, ஹிஜாபும் தலைப்பாகையும் சிலுவையும் அதில் அடக்கம். ஹெரூவில் என்ற சிற்றூர் 2007 இல் குடிவரவாளருக்கு நடத்தை விதிகள் எழுதியபோது அங்கே குடிவரவாளர் என்று சொல்லக் கிட்டத்தட்ட ஆளே கிடையாது. அதையொட்டி விசாரித்த பூஷார், டெய்லர் ஆணைக்குழு பிரச்சினை பெரும்பாலும் மனிதர் பார்வையில் பெருத்துவிட்டது என்றது.

நம் வீட்டுக்குள் பேசும்போது

வெள்ளைக்காரரோடு பேசுவதைவிட இது கஷ்டம். நம் மூத்தவர்கள் புதிதாக வருபவர்களைப் பழிக்கும்போது "நீங்களும் அகதி" என்று முகத்தில் அடிக்காதீர்கள். கதையாகக் கேளுங்கள். "சித்தப்பா, நீங்கள் வந்த வருடம் இங்கே நம்மைப் பற்றி என்ன சொன்னார்கள்?" அவர் வந்தது 1987. அதற்கு முந்தைய வருடம் ஓகஸ்ட்டில் நியூபவுண்ட்லாந்துக் கரையோரம் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்தார்கள், கஸ் டால்ட்டன் என்ற மீன்பிடிக் கப்பல் தலைவர் காப்பாற்றினார். முதலில் இரக்கப்பட்ட நாடு, அவர்கள் நேரே ஊரிலிருந்து வரவில்லை, மேற்கு ஜேர்மனியிலிருந்து வந்தார்கள் என்று தெரிந்ததும் கொதித்தது. பொய்யர்கள், வரிசை தாண்டியவர்கள் என்று வானொலியில் சனம் கத்தியது. 2010 இல் எம்.வி. சன் சீ கப்பலில் 492 பேர் வந்தபோதும் அதே சொற்கள், பலர் மாதக்கணக்கில் தடுப்பில் இருந்தார்கள். இதைச் சித்தப்பாவே தன் வாயால் சொல்லும்போது நான் ஒன்றும் சேர்க்கத் தேவையிருக்கவில்லை.

இளையவர்களுக்கும் ஒன்று. உங்கள் அப்பா ஐந்து வருடம் இரண்டு வேலை செய்து வழக்குப் பேசிக் குடியுரிமை எடுத்தவர். விதியை மதித்து வா என்று அவர் சொல்வதில் அவருடைய உழைப்பு இருக்கிறது. அதை முதலில் கேளுங்கள், பிறகு திருத்துங்கள்.

அப்புறம் "நம் கலாசாரம் அழிகிறது" என்பது. அழிகிறது என்றால் எது? தமிழா, பரதநாட்டியமா, பெரியவரை மதிப்பதா, அல்லது கல்யாணம் பேசும்போது ஊரைக் கேட்டு அதன் வழியாகச் சாதியைத் துழாவுவதா? ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபை 2023 இல் சாதிப் பாகுபாட்டை எழுப்பியது, அதே வருடம் ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு சாதிப் பாகுபாடும் மாகாணச் சட்டத்தின் கீழ் அடங்கும் என்று தெளிவாக்கியது. அப்போது நம் மண்டபங்களில் பலர் முணுமுணுத்தார்கள். ஜனவரியில் தமிழ் மரபுத் திங்களுக்குக் குத்துவிளக்கு ஏற்றும் நாம், எந்த மரபைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம், எதைக் கொழும்போடு விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்று நமக்குள் சண்டை போடத்தான் வேண்டும். அந்தச் சண்டையை நாம் நேர்மையாகப் போட்டால், அயலவர் தன் மரபைப் பற்றிப் பேசும்போது அவரிடமும் அதே கேள்வியைக் கேட்க நமக்கு முகம் இருக்கும்.

பேசும் முறை பற்றிக் கொஞ்சம்

வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் இரவு பதினொரு மணிக்கு இதைத் தொடங்காதீர்கள். இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க யாரும் மனம் மாற மாட்டார்கள். இரண்டு பேர், ஒரு தேத்தண்ணி, முடிந்தால் நடந்துகொண்டே.

ஒரு எண் போதும், அது சரியான எண்ணாக இருக்க வேண்டும். நிச்சயமில்லாததைச் சொல்லி மாட்டினால் நீங்கள் சொன்ன மற்ற எல்லாமே போச்சு. "நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொன்னால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அடுத்த நாளே.

"எது நடந்தால் உங்கள் கவலை தீரும்?" இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். வாடகை இறங்கினால், வரிசை குறைந்தால், ஆங்கிலம் பேசினால் என்று பதில் வந்தால் பேச இடமிருக்கிறது. ஒன்றுமே தீர்க்காது, உங்களைப் போன்றவர்கள் இங்கே இருக்கவே கூடாது என்று வந்தால் அங்கே வாதம் இல்லை. எழுந்து போங்கள். வேலைத்தளத்தில் என்றால் திகதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் நின்றார்கள் என்று அன்றே எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள், எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்குக் கிடையாது.

மேசையில் பேசியதை எங்காவது கொண்டுபோகவும் இடம் இருக்கிறது. அடுத்த வருடங்களுக்கு எத்தனை பேரை எடுப்பது என்ற திட்டத்தை மத்திய அரசு இலையுதிர்காலத்தில் வெளியிடும், அதற்கு முன் பொதுமக்களிடமும் கருத்துக் கேட்கும். பாடத்திட்டம் பற்றிய கோபம் மாகாணத்துக்குப் போக வேண்டியது, பேஸ்மென்ட்டில் எட்டுப் பேர் என்பது மாநகரசபைக்கு. இந்த வருடம் சித்தப்பாவும் மகளும் குடிவரவுக் கருத்துக்கேட்பை ஒரே மேசையில் இருந்து தனித்தனியாக நிரப்பினார்கள், அவருக்கு ஆங்கிலத்தில் தட்டிக் கொடுத்தது அவள்தான். வாடகை இறங்கும்வரை மாணவர் விசாவைக் குறையுங்கள் என்று அவர் சொல்ல, அவள் ஒரு சொல்லும் மாற்றாமல் அடித்தாள். அகதிகளின் எண்ணிக்கையில் கை வைக்காதீர்கள் என்று அவள் தன்னுடையதில் எழுதினாள். அனுப்ப முன் அவர் அதை வாசித்துக் காட்டச் சொன்னார், கேட்டுவிட்டு, "என்னுடையதிலும் அதைச் சேர்" என்றார்.